இந்திய–இலங்கைத் தொழில்நுட்ப ஒத்துழைப்பு: திருகோணமலையில் இருப்பவர் எதற்கு விண்ணப்பிக்கலாம்?

இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி 2025 ஏப்ரலில் கொழும்புக்கு வந்தபோது இரு அரசாங்கங்களும் பல புரிந்துணர்வு உடன்படிக்கைகளில் கைச்சாத்திட்டன. அவற்றுள் இரு நாட்டு மின்கட்டமைப்புகளை இணைத்தல், இந்தியாவில் பெருந்தொகையான மக்களிடையே செயற்படுத்தப்பட்ட டிஜிட்டல் தீர்வுகளை இலங்கையுடன் பகிர்தல், ஐக்கிய அரபு இராச்சியத்தையும் சேர்த்துக்கொண்டு திருகோணமலையை எரிசக்தி மையமாக வளர்த்தல், கிழக்கு மாகாணத்துக்கான பல்துறை நன்கொடை உதவி ஆகிய நான்கும் நம் மாவட்டத்தை நேரடியாகவோ மறைமுகமாகவோ தொடுகின்றன. ஆயினும் புரிந்துணர்வு உடன்படிக்கை என்பது இரு அரசுகளின் எண்ணத்தை எழுத்தில் வைப்பதே தவிர, எந்தக் குடிமகனுக்கும் அது தானாக ஓர் உரித்தைத் தந்துவிடாது. அரசுகள் தமக்கிடையே நடத்திக்கொள்ளும் கருத்திட்டங்களையும், தனியாள் விண்ணப்பித்துப் பயன்பெறக்கூடிய திட்டங்களையும் பிரித்துப் பார்க்காதவரை, செய்தியில் வரும் பெரிய தொகைகளுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்பது விளங்காது.

முதல் வகைக்கு, நம் மாவட்டத்திலுள்ள சம்பூரை விடத் தெளிவான உதாரணம் நம்மிடம் இல்லை. இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல் மின் கழகமும் சம பங்காளிகளாகத் தொடங்கிய திருகோணமலை பவர் கம்பனி, முதலில் 500 மெகாவாற் நிலக்கரி மின் நிலையமொன்றை அங்கு அமைப்பதற்காகவே உருவானது. 2006 இல் போரினால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் தம் காணிகளுக்குத் திரும்பப் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். நிலக்கரியின் சுற்றாடல் பாதிப்புப் பற்றிய எதிர்ப்பும் வலுத்தது. இறுதியில் 2016 இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. அதே கம்பனி இப்போது 50 மெகாவாற், 70 மெகாவாற் என இரு கட்டங்களில் 120 மெகாவாற் சூரிய மின் நிலையத்தை அமைக்க முன்வந்துள்ளது. அதன் ஆரம்ப நிகழ்வு 2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பிலிருந்து இணையவழியில் நடத்தப்பட்டது. தொழில்நுட்பம் தலைகீழாக மாறியபோதும் கூட்டு நிறுவனம் என்ற ஏற்பாடு நிலைத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். உடன்படிக்கையைக் காட்டி இங்கு எவரும் வேலை கேட்க முடியாது. வேலைவாய்ப்பு வந்தால் அது கம்பனியினதும் அதன் ஒப்பந்தகாரர்களினதும் ஆட்சேர்ப்பின் வழியாகவே வரும். சீனன்குடா எண்ணெய்க் குதங்கள் தொடர்பாக 2022 ஜனவரியில் செய்யப்பட்ட ஏற்பாடும், அதாவது 61 குதங்களை இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 51 வீதமும் இந்தியன் ஒயில் கூட்டுத்தாபனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி. 49 வீதமும் கொண்ட கூட்டுக் கம்பனி அபிவிருத்தி செய்யும் ஏற்பாடும், இதே வகையைச் சேர்ந்ததுதான்.

இந்திய நன்கொடையுடன் முன்னெடுக்கப்படும் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டமும் அரசுக்கு அரசு வழங்கும் உதவியே. முகம், கைரேகை, கண்ணின் கருவிழிப்படலம் ஆகியவற்றின் பதிவுகளை அடிப்படையாகக் கொண்ட அந்த அடையாளத்துக்கு, உரிய காலத்தில் அரசாங்கமே மக்களை அழைக்கும்.

இரண்டாம் வகையில் முதலாவது கூட்டு ஆராய்ச்சித் திட்டம். இந்தியாவின் விஞ்ஞான தொழில்நுட்பத் திணைக்களமும் இலங்கையில் அத்துறைக்குப் பொறுப்பான அமைச்சும் குறித்த காலத்தில் ஒரே நேரத்தில் ஆய்வு முன்மொழிவுகளைக் கோருகின்றன. உணவுத் தொழில்நுட்பம், தாவர மருந்துகள், மீள்புதுப்பிக்கத்தக்க சக்தி, கழிவு முகாமைத்துவம், தகவல் தொழில்நுட்பம், ரோபோட்டிக்ஸ் முதலியன இதுவரை அழைக்கப்பட்ட துறைகளுள் அடங்கும். இலங்கை ஆய்வாளர் ஒருவரும் இந்திய ஆய்வாளர் ஒருவரும் இணைந்து ஒரே முன்மொழிவைத் தயாரித்து, ஒவ்வொருவரும் தத்தம் நாட்டில் சமர்ப்பிக்க வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் வந்தது பரிசீலிக்கப்படாது. பொதுவான நடைமுறைப்படி ஆய்வாளர் பரிமாற்றத்தின்போது அனுப்பும் நாடு விமானச் செலவையும், ஏற்கும் நாடு தங்குமிடச் செலவையும் பொறுப்பேற்கும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் பிரயோக விஞ்ஞானமும் சித்த மருத்துவமும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுவதால், தாவர மருந்து ஆய்வுக்கு இங்குள்ள விரிவுரையாளர்களுக்கு இயல்பான வாய்ப்பு இருக்கிறது என்பது என் எண்ணம். தமிழ்நாட்டில் சித்த மருத்துவக் கல்லூரிகளும் சென்னையில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருப்பதனால், மறுகரையில் பங்காளியைத் தேடுவது மற்றத் துறைகளைவிட எளிது. அழைப்பு வெளியான பின்னர் பங்காளியைத் தேடத் தொடங்குபவருக்குக் காலம் போதாமல் போவதே வழக்கம்; தொடர்பை முன்கூட்டியே ஏற்படுத்தி வைத்திருப்பவருக்குத்தான் இத்திட்டம் பயன்படும்.

ஆய்வாளர் அல்லாதவர்களுக்கு மிகவும் பயன்படுவது ஐடெக் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இந்தியத் தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டமாகும். 1964 இல் தொடங்கிய இத்திட்டத்தின் கீழ் இலங்கையர் உட்படப் பல நாட்டவர் இந்திய நிறுவனங்களில் குறுகிய காலப் பயிற்சி பெறுகின்றனர். போக்குவரத்து விமானச் சீட்டு, கற்கைக் கட்டணம், தங்குமிடம், வாழ்க்கைப்படி ஆகிய அனைத்தையும் இந்திய அரசாங்கமே வழங்குகிறது. கணினிப் பாதுகாப்பு, சூரிய சக்தி, நீர் முகாமைத்துவம், சிறுதொழில் அபிவிருத்தி போன்ற பாடநெறிகள் அவற்றுள் இருப்பதால், பிரதேச செயலகத்திலோ நகர சபையிலோ தகவல் தொழில்நுட்பப் பணியில் இருப்பவர் முதல் மின்சாரத் துறைப் பொறியியலாளர் வரை பலர் பொருந்துவர். பொதுவாக 25 முதல் 45 வயது வரையிலான, ஆங்கிலத்தில் பாடத்தைப் பின்பற்றக்கூடிய, உடல்நலம் உள்ள பணியாளர்களே எடுக்கப்படுகின்றனர். கல்வித் தகுதியை ஒவ்வொரு நிறுவனமும் தன் பாடநெறிக்கேற்பத் தீர்மானிக்கும். ஐடெக் இணையத்தளத்தில் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, அச்சுப் பிரதியில் தொழில் வழங்குநரின் சிபாரிசைப் பெற்று, முன்மொழியும் அரச நிறுவனத்தினூடாகக் கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்துக்கு அனுப்ப வேண்டும். அரச உத்தியோகத்தரின் கோப்பு திணைக்களம், அமைச்சு எனப் பல மேசைகளைக் கடக்க வேண்டியிருப்பதால், பாடநெறி தொடங்குவதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னரே தொடங்குவது நல்லது. பயணம் செய்ய இயலாதவர்களுக்கு இணையவழிப் பாடநெறிகளும் நடத்தப்படுகின்றன.

உயர்தரம் முடித்த மாணவருக்கு வேறு வழி இருக்கிறது. இந்தியாவில் பொறியியல், தகவல் தொழில்நுட்பப் பட்டப்படிப்புக்கு ராஜீவ் காந்தி புலமைப்பரிசிலும், பல துறைகளில் இளமாணிக் கல்விக்கு நேரு நினைவுப் புலமைப்பரிசிலும், முதுமாணிக் கல்விக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசிலும் உள்ளன. கற்கைக் கட்டணத்தோடு மாதாந்த உதவித்தொகையும் கிடைக்கும் இவற்றுக்குரிய தெரிவு இலங்கைக் கல்வி அமைச்சின் ஒத்துழைப்புடன் நடைபெறுவதால், அமைச்சும் உயர்ஸ்தானிகராலயமும் வெளியிடும் அறிவித்தல்களில் உள்ள முடிவுத் திகதியை மட்டுமே நம்ப வேண்டும். விண்ணப்பத்துடன் உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பும் செல்லுபடியான கடவுச்சீட்டும் தேவைப்படலாம் என்பதால், மொழிபெயர்ப்பையும் கடவுச்சீட்டையும் அறிவித்தல் வரும் முன்னரே ஆயத்தப்படுத்தி வைத்தால் இறுதி வாரத்தில் கொழும்புக்கு ஓட வேண்டியிராது.