மறுபிறவியா, உயிர்த்தெழுதலா?

ஈஸ்டர் வந்தால் போதும், ஏதாவதொரு செய்தியறிக்கையில் "இயேசு கிறிஸ்து மறுபிறவி எடுத்த நாள்" என்று வாசித்துவிடுகிறார்கள். அரசியல் கட்சிகளின் வாழ்த்து அறிக்கைகளிலும் அதே தொடர் எட்டிப்பார்க்கிறது. இதைக் கேட்டு முகம் சுளிக்கக் கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை. தமிழ் தெரிந்திருந்தால் போதும்.

மூலச் சொல்லை முதலில் முடித்துவிடுவோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இது 'அனாஸ்தாசிஸ்'. 'அனா' என்றால் மேலே, மறுபடியும். 'ஸ்தாசிஸ்' என்றால் நிற்றல். படுத்தவர் எழுந்து நிற்பது, அவ்வளவுதான். வினையாகப் பல இடங்களில் வரும் 'எகெய்ரோ' தூங்குகிறவரை எழுப்புவதற்கான அன்றாடச் சொல். இறந்தவனுக்கு அனாஸ்தாசிஸ் கிடையாது என்று கி.மு. 458இல் மேடையேறிய, கிரேக்க நாடகாசிரியர் எஸ்கிலஸின் நாடகம் ஒன்றில் அப்போலோ தெய்வமே சொல்லிவிடுகிறது. இயேசுவின் தூதர் பவுல் ஏதென்ஸில் இந்தச் சொல்லை எடுத்தபோது சிலர் சிரித்ததில் வியப்பில்லை.

இனி மறுபிறவிக்கு வருவோம். தமிழில் அந்தச் சொல்லுக்குப் பொருள் மங்கலாக இல்லை. மணிபல்லவத்துப் பீடிகையைத் தொழுத மணிமேகலை தன் பழம்பிறப்பை உணர்கிறாள்: அப்போது அவள் பெயர் இலக்குமி, கணவன் இராகுலன். பெயர் வேறு, உடல் வேறு, பெற்றோர் வேறு. பழைய உடல் போய்ப் புதிய உடல் வந்தால்தான் அது மறுபிறப்பு.

இதை யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் பொருத்திப் பாருங்கள். மற்றச் சீடர்கள் "ஆண்டவரைக் கண்டோம்" என்கிறார்கள். தோமா மசியவில்லை. ஆணிகள் துளைத்த இடத்தில் விரலையும், ஈட்டி குத்திய விலாவில் கையையும் இட்டாலொழிய நம்பமாட்டேன் என்கிறார். எட்டு நாள் கழித்துக் கதவு பூட்டிய வீட்டுக்குள் வந்து நின்றவர் அவரிடம் நீட்டியதும் அந்தக் காயங்களையே. மறுபிறவி எடுத்தவருக்கு ஏது ஆணித் துளை? முந்தைய உடலின் புண்ணைத் தேடி எவராவது பச்சைக் குழந்தையின் கையைப் புரட்டிப் பார்ப்பார்களா? மறுபிறவி என்று எழுதிய மறுகணமே தோமாவின் ஐயம் அர்த்தமற்றுப் போகிறது. செத்த அதே உடல் எழுந்ததா என்பதுதான் அவர் கேள்வி. ஐயத்துக்கு இடமே வைக்காத சொல்லில் நம்பிக்கைக்கும் இடமிருக்காது.

துயரமும் அப்படியே. மகதலேனா மரியாள் கல்லறை வாசலில் அழுதது, உடலை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்று. எதிரே நின்றவரைத் தோட்டக்காரர் என்று எண்ணி, உடலை எங்கே வைத்தீர் சொல்லும், நான் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்கிறாள். "மரியாளே" என்று பெயர் சொல்லி அழைத்த பிறகுதான் ஆள் தெரிகிறது. எம்மாவூருக்கு நடந்த சீடர்கள் இருவரும் "நம்பியிருந்தோம்" என்று இறந்தகாலத்தில் பேசுகிறார்கள். கல்லறை வெறுமையாக இருந்த செய்தி காலையிலேயே வந்தும் முகம் வாடியே நடக்கிறார்கள். பெண்கள் சொன்னது சீடர்களுக்கு வீண்பேச்சாகத்தான் பட்டது என்கிறார் லூக்கா. ஆன்மா வேறு உடல் எடுக்கும் என்ற ஆறுதல் இவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் யூதர்கள், அவர்களில் பலர் எதிர்பார்த்தது கடைசி நாளில் இறந்தவர்கள் எல்லோரும் எழுவதை.

இறந்தவர் எழும் கதை தமிழுக்குப் புதிதும் அல்ல. பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் எலும்பும் சாம்பலும் இருந்த குடத்தின் முன்னே சம்பந்தர் பதிகம் பாட, அவள் எழுந்து வந்தாள் என்கிறது மயிலாப்பூர்த் தலபுராணம். பூம்பாவை மறுபிறவி எடுத்தாள் என்று எந்த ஓதுவாரும் சொல்லிக் கேட்டதில்லை. (தோமாவின் கல்லறை என்று மரபு காட்டும் சாந்தோமும் அதே மயிலாப்பூரின் கடலோரத்தில்தான் இருக்கிறது.) மறுபிறப்பு என்ற கருத்துக்குக் கிறிஸ்தவத்திலும் இடம் உண்டு, ஆனால் அது வேறு இடம்: நிக்கொதேமு என்ற யூதத் தலைவர் இரவில் இயேசுவிடம் வந்து, மறுபடி பிறப்பது எப்படி என்று கேட்ட இடம். அது உயிரோடிருப்பவர் மனம் மாறுவதைப் பற்றிய பேச்சு.

சரி, எது தகுந்த சொல்? கத்தோலிக்கரின் பழைய விசுவாசப் பிரமாணத்தில், அதாவது நம்பிக்கை அறிக்கையில், "சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்" என்று இருந்தது. வடசொல்தான்; ஆனால் துல்லியமானது. உத்தானம் என்றால் எழுந்து நிற்றல். அதிலுள்ள 'ஸ்தா'வும் கிரேக்கத்தின் 'ஸ்தாசிஸ்'ஸும் ஒரே வேரின் கிளைகள். திருமால் துயில் எழும் நாளை உத்தான ஏகாதசி என்பதும் இதனால்தான். வடசொல்லைக் களைந்தது எனக்கு உடன்பாடே. களைந்த இடத்தில் 'உடலின் உயிர்ப்பு' என்று நட்டதில்தான் குறை. உயிர்ப்பு என்றால் பழந்தமிழில் மூச்சு. நெட்டுயிர்ப்பு என்றால் பெருமூச்சு. கல்லறை வாசலில் மரியாள் விட்டதும் உயிர்ப்புதான்! சுருக்கமும் ஓசையும் இருக்கின்றன, எழுதல் எங்கே? கிரேக்கத்தின் உயிர்நாடியே அந்த எழுதல்தான். பண்டிகைப் பெயராக உயிர்ப்புப் பெருவிழா நிலைத்துவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பொருள் சொல்ல வேண்டிய இடத்தில் 'உயிர்த்தெழுதல்' போல ஒன்று இல்லை. உயிரும் இருக்கிறது, எழுச்சியும் இருக்கிறது, இரண்டும் நல்ல தமிழ். சீர்திருத்தச் சபையார் "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள்.

இவ்வளவையும் சொன்னால், மக்களுக்குப் புரிய வேண்டுமே என்கிறார்கள் மொழிபெயர்ப்பாளர்கள். புரியாதாம்! தோல்வியின் விளிம்பிலிருந்து ஒரு கிரிக்கெட் அணி மீண்டுவிட்டால் "உயிர்த்தெழுந்தது" என்று தயங்காமல் தலைப்பு வைக்கிறார்கள், வாசகருக்குப் புரிந்துவிடுகிறது. இயேசுவுக்கு மட்டும் மறுபிறவி.