நீங்கள் பொறுக்கி எறிவது பிளாஸ்டிக் இல்லை

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். ஒரு பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். இரண்டாம் வகுப்பு. பிரேயரில் நின்றவன் கண் சொருகிச் சரிந்திருக்கிறான். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 8.1. இந்த வயதில் 11.5-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்று எழுதுவோம்.

வழக்கம்போல டிபன் டப்பாவைத் திறக்கச் சொன்னேன். நாக்கை நீட்டச் சொல்வதற்கு முன்னால் டப்பாவைத் திறக்கச் சொல்வது என் பழக்கம், பாதி வியாதி அதிலேயே எழுதியிருக்கும். உள்ளே ஆறிக் கட்டியாகிப்போன நூடுல்ஸ். ஓரத்தில் இரண்டு கிரீம் பிஸ்கட்.

"அரசுப் பள்ளிக்கூடம்தானே? சத்துணவு சாப்பிடுவதில்லையா?" என்று அவன் அம்மாவிடம் கேட்டேன்.

"அய்யோ, நான் விடுறதே இல்லைங்க டாக்டரம்மா. அந்தச் சோத்துல பிளாஸ்டிக் அரிசி கலக்குறாங்க. என் கண்ணால பாத்தேன், தண்ணியில மிதக்குது."

இந்த மாதத்தில் இது மூன்றாவது. முதல் இரண்டு பேருக்குப் பொறுமையாகச் சொன்னேன். மூன்றாவது முறை குரல் உயர்ந்துவிட்டது, அந்த அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டேன். இனி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தொண்டை வறளப் பேசுவதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவு. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 மூன்றையும் கலந்து, இடியாப்பம் பிழிகிற மாதிரி எந்திரத்தில் பிழிந்து, அரிசி நீளத்துக்கு நறுக்கிக் காயவைக்கிறார்கள். சாதாரண அரிசி நூறு கிலோவுக்கு இது ஒரு கிலோ என்ற கணக்கில் கலப்பார்கள். செறிவூட்டப்பட்ட அரிசி என்று மூட்டையில் அச்சடித்திருப்பது இதைத்தான். 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் நாடு முழுவதற்கும் அறிவித்தார். எங்கள் திருச்சி மாவட்டத்தில் அதற்கு முன்பே ரேஷனில் கொடுத்துப் பார்த்தார்கள். பிழிந்து செய்த மணி என்பதால் இயற்கை அரிசியைப் போல இறுக்கமாக இருக்காது. சில மிதக்கும். நிறமும் கொஞ்சம் வேறுபடும்.

மிதந்தால் பிளாஸ்டிக் என்றால் பதர்கூடத்தான் மிதக்கிறது. பிளாஸ்டிக்கை உலையில் போட்டால் வெந்து மலருமா? விரலால் நசுக்கினால் மாவாகுமா? சோற்றை உருட்டிச் சுவரில் அடித்தால் பந்து மாதிரி துள்ளுகிறது என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. உங்கள் வீட்டுப் பொன்னி அரிசிச் சோற்றை இறுக்கி உருட்டி அடியுங்கள், அதுவும் துள்ளும். மாவுச்சத்தின் குணம் அது. நெருப்பில் காட்டினால் கருகுகிறதாம். சோறு கருகாமல் வேறு என்ன செய்யும்? அடிப்பிடித்த பானையைத் தேய்த்தவர்களுக்குத் தெரியாதா இது? எல்லாவற்றையும் விடுங்கள். கலப்படம் செய்கிறவன் விலை குறைந்த பொருளைத்தான் விலை கூடியதில் கலப்பான். பிளாஸ்டிக் குருணை கிலோ என்ன விலை என்று யாராவது விசாரித்தீர்களா? அரிசியைவிட அதிகம். நட்டத்துக்குக் கலப்படம் செய்கிற வியாபாரியை நான் இதுவரை பார்த்ததில்லை.

வயிற்றெரிச்சல் எங்கே என்றால், வீட்டிலும் சரி, பள்ளிக்கூடத்திலும் சரி, அரிசி களையும்போது மேலே மிதப்பதைத் தண்ணீரோடு சாய்த்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் முறத்தில் போட்டுப் பொறுக்கி எறிகிறார்கள். மருந்தைத் தேடி எடுத்து எறிந்துவிட்டு வெறும் அரிசியைப் பொங்கிப் போடுகிறோம்.

செறிவூட்டிய அரிசி மட்டுமே ரத்தசோகையைப் போக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு பலன் என்பதில் மருத்துவர்களான எங்களுக்குள்ளேயே விவாதம் உண்டு. கணக்குப் பார்த்தால் நூறு கிராம் அரிசியில் கிடைப்பது மூன்று நான்கு மில்லிகிராம் இரும்பு. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து வேண்டும். தலசீமியா, அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை ரத்த நோய்கள் உள்ள குழந்தைகள் இருந்தால் இரும்புச்சத்து விஷயத்தை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் 'பயன் எவ்வளவு' என்று கேட்பது வேறு, 'விஷம்' என்று பரப்புவது வேறு.

நானும் சத்துணவில் வளர்ந்தவள்தான். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திட்டத்தைத் தொடங்கிவைத்த பாப்பாக்குறிச்சி எங்கள் பக்கத்து ஊர் மாதிரி. அலுமினியத் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்போம். சோறு, சாம்பார். அவ்வளவுதான். 1989-இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. முட்டை நாளில் காய்ச்சல் அடித்தாலும் லீவு போட மாட்டோம். இன்று வாரத்தில் ஐந்து நாளும் முட்டை. சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். வெஜிடபிள் பிரியாணி, கொண்டைக்கடலை புலாவ், தக்காளி சாதம், எலுமிச்சை சாதத்துக்குச் சுண்டல், வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கு என்று நாளுக்கு ஒன்று. முட்டையிலேயே மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை என்று வகை. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளையில் 450 கலோரி, 12 கிராம் புரதம் கிடைக்க வேண்டும் என்பது தேசிய அளவுகோல். அதில் பாதிப் புரதத்தை, ஆறு கிராமை, முட்டை ஒன்றே கொடுத்துவிடும். அந்தப் பையன் டப்பாவில் இருந்த இரண்டு கிரீம் பிஸ்கட்டில் என்ன இருக்கிறது? சர்க்கரை, மைதா, வனஸ்பதி.

'வீட்டுச் சாப்பாடுதான் நல்லது' என்பதும் எப்போதும் உண்மை இல்லை. ஆறு மணிக்கு வடித்த சோற்றை ஆவியோடு அடைத்து மூடி, பன்னிரண்டரைக்குத் திறந்தால் அது சமைத்து ஆறரை மணி நேரமான சோறு. சோற்றில் வேகவைத்தாலும் சாகாத ஒரு கிருமி விதை உண்டு. வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். மத்தியானம் வாந்தி என்று வரும் டப்பாக் குழந்தைகளில் பாதிக்கு இதுதான் என் சந்தேகம். நம் பாட்டிமார் கட்டுச்சோற்றுக்குப் புளியோதரையைப் பிடித்துக்கொண்டது சும்மா இல்லை, புளிப்பில் கிருமி சட்டென்று பெருகாது. கட்டிக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் தாம்பாளத்தில் பரப்பி ஆறவைத்து அடையுங்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் பதினொன்றரைக்கு அடுப்பிலிருந்து இறங்குகிற சோறு இருக்கும்போது அந்தப் பாடு எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான்கு பேர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. 'அங்கே சுத்தம் இல்லைங்க' என்று சிலர் இழுக்கும்போது, எந்தச் சுத்தம் என்று நான் திருப்பிக் கேட்பேன். தண்ணீர்த் தொட்டியா, பாத்திரமா, கையா? பதில் வராது. கொஞ்ச நேரம் கழித்து, சமைப்பது யார் என்ற பேச்சு வரும். 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர்களே தகராறு செய்து வழக்குவரை போனது ஊரறிந்த சேதி. இந்த வியாதிக்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் அதற்குப் பிளாஸ்டிக் அரிசி என்று பெயர் சூட்டி, பிள்ளையின் ரத்தத்தைக் குறைக்காதீர்கள்.

சரி, சமையற்கூடத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. பள்ளிகளுக்குப் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் பினாயில் டப்பா இருந்தால் அன்றைக்கு என் வாயிலிருந்து தப்பிக்க முடியாது. 2013 ஜூலை 16, பீகாரின் சாரண் மாவட்டம். பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்த மதிய உணவைச் சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்தார்கள். அதே ஜூலை 16-இல், 2004-ஆம் ஆண்டு, கும்பகோணத்தில் சத்துணவு அடுப்பிலிருந்து கூரைக்குப் பரவிய தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். இதற்குப் பிறகும் மருந்து டப்பாவும் மளிகையும் ஒரே அலமாரியில் இருக்கலாமா? கொதிக்கிற சாம்பார் அண்டா பிள்ளைகள் ஓடுகிற வழியில் நிற்கலாமா? அண்டா கொட்டி வெந்துபோன தொடைக்குக் கட்டுப்போட்டவள் என்பதால் கேட்கிறேன்.

பரிமாறும் முன் ஓர் ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. ருசி பார்ப்பது என்றால் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது இல்லை, வாயில் போடுவது. மீந்த சாம்பாரைச் சாயங்காலம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் தாராளமும் வேண்டாம். அப்புறம் பல்லி. சோற்றில் பல்லி கிடந்தது என்று ஆம்புலன்ஸில் நாற்பது பேர் வருவார்கள். நம் வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. அதன் குடலில் கிருமி இருக்கும், அதனால் அந்தச் சோற்றைக் கொட்டத்தான் வேண்டும். ஆனால் நாற்பதில் முப்பத்தைந்து பேருக்கு வாந்தி வருவது பக்கத்தில் இருக்கிறவன் வாந்தி எடுப்பதைப் பார்த்து. பாத்திரத்தை மூடி வைத்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை.

பெற்றோர்களே, பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது, அதில் நான்கில் மூன்று பங்கு நீங்கள்தான். மாதம் ஒருநாள் பதினொன்றரை மணிக்குப் பள்ளிக்குப் போங்கள். அரிசியைக் கையில் அள்ளிப் பாருங்கள், ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிடுங்கள். முட்டை நாறினால், பருப்பில் வண்டு இருந்தால் தலைமை ஆசிரியரிடமும் சத்துணவு அமைப்பாளரிடமும் சொல்லுங்கள், கேட்காவிட்டால் கூட்டத்தில் எழுதிக் கொடுங்கள். சமையலர் அக்காவைத் திட்டாதீர்கள், அவர் மூட்டையில் வந்ததைத்தான் சமைக்கிறார்.

டப்பாவில் ஏதாவது கட்டிக் கொடுக்காமல் மனசு கேட்கவில்லையா? ஒரு கொய்யாக்காய், இரண்டு நெல்லிக்காய். சாப்பாட்டோடு அது போனால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். காலையில் டீ கொடுப்பதை நிறுத்துங்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். பள்ளியில் வாரம் ஒருமுறை தருகிற சத்து மாத்திரையைப் பிள்ளை சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கட்டும், வெறும் வயிற்றில் விழுங்கி ஓங்கரித்துவிட்டு 'மாத்திரை ஒத்துக்கலை' என்று வருகிறார்கள். குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளில் லீவு போட வைக்காதீர்கள். கீரையைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தால், பக்கத்தில் இருக்கும் ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் பேச்சைத்தான் கேட்பார்கள், எங்கள் பேச்சை இல்லை.

பையனுக்கு இரும்புச்சத்து சிரப்பும் குடற்புழு மருந்தும் எழுதிக் கொடுத்து, ஒரு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன். "அடுத்த தடவை டப்பா வேண்டாம், தட்டை எடுத்துட்டு வா" என்றேன். அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் ரகசியமாக, "புதன்கிழமை மிளகு முட்டை" என்றான். அப்படியென்றால் இதற்கு முன்பே ருசி பார்த்திருக்கிறான், கள்ளன்.