எந்தப் பாம்பும் தவளைகிட்ட சீறாது

2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சே, அதுக்கப்புறம் சாத்தனூர் அணையில தொறந்த தண்ணி தென்பெண்ணையில வந்து கடலூர்ல எங்க ஏரியாவுக்குள்ளயும் பூந்துடுச்சு. தண்ணி வடிஞ்ச மறுநாள் காலைல, தோட்டத்துல வெறகு அடுக்கி வெச்சிருந்த மூலையில இருந்து உஸ்ஸுனு நீளமா ஒரு சத்தம். ஆயா உள்ள இருந்து "குக்கரை யாரு எறக்காம வுட்டது"ன்னு கொரல் குடுக்குறாங்க. நான் போய்ப் பாத்தா கண்ணாடி விரியன், வெறகுக்கு அடியில சுருண்டு கெடக்கு.

தீயணைப்பு நிலையத்துக்கு போன் பண்ணிட்டு, அவங்க வர்ற வரைக்கும் ஒரு இருபதடி தள்ளி திண்ணை மேல நின்னு அதையேதான் பாத்துகிட்டு இருந்தேன். பட்டறையில துருத்தி அமுக்குற மாதிரி அதோட உடம்பு முழுக்க உப்புது, சுருங்குது, மறுபடி உப்புது, ஒவ்வொரு தடவை சுருங்கும்போதும் அந்த சத்தம். அன்னிக்குதான் எனக்கு உறைச்சுது, சீறல்ங்கிறது தனியா ஒரு குரல் இல்ல, அது பாம்போட மூச்சேதான்.

நமக்கு நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல உதரவிதானம்னு ஒரு தசை இருக்கு, அது கீழ எறங்கினா காத்து உள்ள வரும். பாம்புக்கு அது கெடையாது. விலா எலும்புங்களுக்கு நடுவுல இருக்குற தசைங்கதான் விலாவை விரிச்சும் சுருக்கியும் காத்தை இழுத்து விடுது. கழுத்துல ஆரம்பிச்சு வால் தொடங்குற வரைக்கும் ஜோடி ஜோடியா விலா எலும்பு, பல பாம்புங்களுக்கு 200 ஜோடிக்கும் மேல. நுரையீரலும் நம்மளை மாதிரி ரெண்டு பக்கமும் சமமா இருக்காது, ஒடம்பு ஒல்லியா நீளமா இருக்கறதால பெரும்பாலான பாம்புங்களுக்கு வலது நுரையீரல் மட்டும்தான் வேலை செய்யும், இடது சுண்டிப்போய் பேருக்கு இருக்கும், இல்ல இருக்கவே இருக்காது (மலைப்பாம்பு மாதிரி சிலதுக்கு ரெண்டும் உண்டு). அந்த ஒத்தை நுரையீரல்லயும் முன்பாதிலதான் ரத்தக்குழாய் நெறைய, ஆக்சிஜன் எடுக்கற வேலை அங்கதான் நடக்குது, பின்பாதி வெறும் பலூன் மாதிரி ஒரு காத்துப்பை.

சும்மா படுத்திருக்கற பாம்பு நிமிஷத்துக்கு சில தடவைதான் மூச்சு விடும், நடுநடுவுல நிறுத்தியும் வெச்சிருக்கும், அதைப் பாத்துட்டு செத்துப்போச்சுன்னு நெனைச்சு குச்சியால தொட்டுப் பாத்தவங்க உண்டு, தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. பயந்துடுச்சுன்னா மூச்சு மாறிடும். நிறைய காத்தை இழுத்து உடம்பை உப்ப வெச்சு, வாய்க்குள்ள அடித்தாடையில இருக்குற மூச்சுக்குழல் வாய் வழியா வேகமா வெளிய தள்ளும், அந்த உரசல்தான் உஸ்ஸு. பெரும்பாலான பாம்புங்களுக்கு குரல்நாணே கெடையாது. இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் என்னன்னா, பாம்பு காதுக்கு தாழ்ந்த அதிர்வெண்தான் நல்லா எட்டும், சில நூறு ஹெர்ட்ஸ் வரைக்கும். சீறலோ பெரும்பாலும் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ்ல இருக்கு. அதாவது அந்த சத்தம் அதுக்கே சரியாக் கேக்காது, முழுக்க முழுக்க நமக்காகத்தான் போடுது, நாய்க்காக, மாட்டுக்காக, கீரிக்காக.

நல்ல பாம்பு படம் எடுக்கறது காத்தை ஊதிதான்னு சின்ன வயசுல எங்க தெருவுல எல்லாரும் நம்பினோம். அது காத்து இல்ல, கழுத்துகிட்ட இருக்கற நீளமான விலா எலும்புங்களை தசையால பக்கவாட்டுல தூக்கி விரிக்குது, மேல இருக்கற தோல் கூடவே இழுபடுது, அவ்வளவுதான். படம் எடுத்துட்டு முன்னாடி விழுந்து விழுந்து அடிக்குமே, அதுல பல தடவை வாயைத் தொறக்கவே தொறக்காது, வெறும் மிரட்டல்தான். பச்சைப்பாம்பு முன்னுடம்பை உப்ப வெக்கும்போது செதிலுக்கு நடுவுல கறுப்பு வெள்ளைப் பட்டை தெரியும், சாரை கழுத்தை உப்பிகிட்டு கிட்டத்தட்ட உறுமும், விஷமே இல்லாத தண்ணிப்பாம்பு கழுத்தைத் தட்டையாக்கி நல்ல பாம்பு மாதிரி நிக்கும், சுருட்டை விரியன் மட்டும் மூச்சை நம்பாம செதிலையே ஒண்ணோட ஒண்ணு உரசி ரம்பம் அறுக்கற மாதிரி சத்தம் போடும். இது எல்லாத்துக்கும் அர்த்தம் ஒண்ணுதான், தள்ளிப் போ. கழுத்து எஸ் மாதிரி வளைஞ்சு பின்னாடி இழுத்துகிச்சுன்னா அடுத்தது பாய்ச்சல்தான், அந்த நேரத்துல ஒரு அடி கூட முன்னாடி வெக்கக்கூடாது.

சத்தம் இல்லன்னா ஆபத்து இல்லன்னும் எடுத்துக்காதீங்க. கட்டுவிரியன் பகல்ல தொந்தரவு பண்ணா தலையைச் சுருளுக்கு அடியில மறைச்சுகிட்டு கெடக்கும், ராத்திரியில தரையில படுத்திருக்கறவங்களைக் கடிச்சா வலியே தெரியாம போறதும் உண்டு. அதோட விஷம் நரம்புல இருந்து தசைக்குப் போற சேதியை நிறுத்திடுது, கண் இமை தொங்கும், பேச்சு குழறும், கடைசில நம்ம உதரவிதானமே அசையாது. அதனாலதான் கடிபட்டவங்களை ஒரு நிமிஷம் கூட வீணடிக்காம ஜிப்மர் மாதிரி, மாவட்ட அரசு ஆஸ்பத்திரி மாதிரி, வென்டிலேட்டரும் விஷமுறிவு மருந்தும் இருக்கற எடத்துக்குக் கொண்டு போகணும்.

இப்ப சாப்பாட்டுக்கு வர்றேன். போன ஆவணியில மோட்டார் கொட்டா பக்கம் ஒரு சாரை தேரையைப் புடிச்சதை முழுசா உக்காந்து பாத்தேன். ஒரு சத்தம் இல்ல. நாக்கை நீட்டி நீட்டி மோப்பம், மெதுவா ஒரு நகர்வு, டக்குன்னு கவ்வல், முடிஞ்சுது. அடுத்தது என் சந்தேகம், வாய் நிறைய தேரையை வெச்சுகிட்டு எப்படி மூச்சு விடுதுன்னு. பொறுமையா பாத்தா தெரியும், அடித்தாடையில இருந்து வெளிர் நிறத்துல சின்னதா ஒரு குழாய் முனை தேரைக்கு அடியில வெளிய நீட்டிகிட்டு நிக்கும். அதுதான் மூச்சுக்குழல் வாய். நம்ம கொத்தனாருங்க கான்கிரீட்ல பைப் செருகி வெக்கற மாதிரி, இரையைத் தாண்டி காத்துக்கு ஒரு வழி. தாடை கழண்டுடும்னு சொல்றாங்களே, அது தப்பு, அடித்தாடையோட ரெண்டு பாதியும் முன்னாடி எலும்பா ஒட்டாம இழுபடுற நாரால சேர்ந்திருக்கு, அதனால வலது ஒரு தடவை இடது ஒரு தடவைன்னு மாத்தி மாத்தி முன்னாடி நகர்ந்து இரையை உள்ள இழுக்குது.

இரை உள்ள போனா விலாவையே அமுக்குமே, அப்ப? 2022ல அமெரிக்காவுல பிரவுன் பல்கலைக்கழகத்துல போவாங்கற, இரையைச் சுத்தி இறுக்கிக் கொல்ற பாம்புங்க மேல ரத்த அழுத்தம் பாக்கற பட்டையைக் கட்டி, ஒரு பகுதி விலாவை அசைய விடாம பண்ணி, எக்ஸ்ரே வீடியோ எடுத்துப் பாத்தாங்க. முன்பக்கம் கட்டினா பாம்பு பின்பக்க விலாவால மூச்சு விடுது, பின்னாடி கட்டினா முன்னாடி. எந்த விலாவை அசைக்கணும்னு அதுவே மாத்திக்குது. இரையைச் சுத்தி இறுக்கும்போதும், விழுங்கினது வயித்துல கெடக்கும்போதும் அந்த வெறும் காத்துப்பைப் பக்கம் துருத்தியா வேலை செஞ்சு, அமுங்கிக் கெடக்கற முன்பாதி வழியா காத்தை இழுக்குது. பாம்பின் கால் பாம்பறியும்னு சொல்வாங்களே, எனக்கு இப்ப அந்தக் கால் விலா எலும்புதான்னு தோணுது.

வயிறு நிறைஞ்ச பாம்பைச் சுத்தி நின்னு வீடியோ எடுக்காதீங்க, பயந்துச்சுன்னா முழுங்கினதைக் கக்கிட்டு ஓடும், அடுத்த இரை எப்ப கெடைக்கும்னு அதுக்குத் தெரியாது. நான் பாத்த சாரை தேரையை முழுசா உள்ள தள்ளிட்டு வாயை ஒரு தடவை அகலமா தொறந்து கொட்டாவி விட்டுச்சு, எடம் மாறின தாடையைத் திரும்ப அமைச்சுக்கறது அது. அப்புறம் தொண்டைக்குக் கீழ ஒரு வீக்கம் மெதுவா நகர, அதுக்குப் பின்னாடி விலா மட்டும் ஏறி எறங்க, வரப்போரமா கரும்புக்குள்ள போயிடுச்சு.