கோர் டம்ப்: கொட்டலா, குவிப்பா, திணிப்பா?

“செக்மென்டேஷன் ஃபால்ட்” என்று திரையில் வந்து, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் “கோர் டம்ப்டு” என்றும் இருந்தால், லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்த நிரல் படுத்துவிட்டது என்று பொருள். பயனருக்கும் சர்வர்களுக்கும் நடுவில் நிற்கும் ஹெச்ஏபிராக்ஸி என்ற ப்ராக்ஸி சர்வரின் லாக்கை, அதாவது பதிவேட்டை, அலசிக் கணக்குச் சொல்லும் ஹெச்ஏலாக் மாதிரி சின்னக் கருவிக்கும் இந்த கதி வரலாம். முதல் பாதி சுலபம். நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தைத் தொட்டது, லினக்ஸின் உள்ளிருக்கும் கெர்னல் 11ஆம் எண் சிக்னலை அனுப்பிக் கதையை முடித்தது. கட்டளை அடிக்கும் ஷெல்லில் வெளியேறும் எண் 139 என்று வருவது, 128உடன் அந்த 11ஐக் கூட்டி.

விழுந்த நிரலின் நினைவகம் ஒரு கோப்பாக எழுதப்பட்டது என்று சொல்லும் இரண்டாம் பாதிதான் வடசென்னைக்காரர்களைக் குழப்பும். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. டம்ப் என்றால் நமக்குக் கொடுங்கையூர்தான். 300 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும் அந்தக் குப்பைமேட்டுக்கு டம்பிங் யார்டு என்பதே புழக்கப் பெயர். அந்தப் பழக்கத்தில் கோர் கோப்பையும் குப்பை என்று நினைத்து, இடத்தை அடைக்கிறதே என்று அழித்துவிடுகிறவர்கள் உண்டு. கருவி ஏன் விழுந்தது என்பதற்கான ஒரே சாட்சி அதோடு போய்விடும்.

கோர் என்பதை ‘மையம்’ என்றோ ‘கரு’ என்றோ பெயர்ப்பதும் தப்பு. 1950களிலிருந்து 70கள் வரை கணினிகளின் நினைவகம் ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான குட்டி வளையங்களால் ஆனது. ஒவ்வொரு வளையமும் ஒரு கோர். அதற்குள் மெல்லிய கம்பிகளைக் கோத்திருப்பார்கள். காந்தம் ஒரு திசையில் இருந்தால் 0, எதிர்த் திசையில் இருந்தால் 1. எம்.ஐ.டி.யின் வேர்ல்விண்ட் கணினியில் 1953இல் இது பொருத்தப்பட்டது. அப்புறம் சிலிக்கான் சில்லு வந்து வளையத்தைத் துரத்திவிட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. நிரல் செத்தால் அதன் நினைவகத்தை ‘கோர்’ என்ற பெயரிலேயே கோப்பாக எழுதிவைக்கும் வழக்கம் யூனிக்ஸிலிருந்து வந்தது. ஆக, கோர் என்றால் இங்கே நினைவகம், அவ்வளவுதான்.

டம்ப் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஸ்காண்டிநேவிய மொழிகளில் உறவு உண்டு. அங்கே அதற்குத் ‘திடீரென விழுதல்’ என்று பொருள். அது பிறகு கீழே போடுவது, கொட்டுவது என்று விரிந்தது. தமிழில் இதற்கு ஒரே சொல் போதாது. ராஜாஜி சாலை சுங்க மாளிகைப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்குப் ‘பொருள் குவிப்பு வரி’ தெரியும். வெளிநாட்டுச் சரக்கை அடிமாட்டு விலைக்கு இங்கே தள்ளுவதைத் தடுக்கும் வரி அது. அந்த டம்பிங்குக்குக் குவிப்பு பொருந்தும், நினைவகத்துக்குப் பொருந்தாது. ‘திணிப்பு’ என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. திணிப்பது உள்ளே, இங்கே நடப்பதோ வெளியே.

கொட்டு என்ற வினைதான் சரி. குப்பையையும் கொட்டுகிறோம், காசிமேட்டில் மீன் கூடையையும் கொட்டுகிறார்கள். போட்டிலிருந்து இறங்கிய கூடை தரையில் கவிழ்ந்தால்தான் வஞ்சிரம் எது, சங்கரா எது, கோழித் தீவனத்துக்குப் போகும் பொடிசு எது என்று பிரிக்க முடியும், ஏலம் கேட்க முடியும். கோர் டம்ப்பும் இந்தக் கொட்டல்தான். ‘நினைவகக் கொட்டல்’ என்று எழுதலாம். பேச்சில் “நினைவகத்தைக் கொட்டிட்டுப் படுத்துடுச்சு” என்றால் யாருக்கும் புரியும்.

கொட்டியதை எங்கே தேடுவது? “யுலிமிட் -சி” என்று கேட்டு 0 வந்தால் கோப்பு எழுத அனுமதி இல்லை. அன்லிமிடெட் என்று மாற்றி, கருவியை மறுபடி ஓட்டவேண்டும். லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி கொட்டலைப் பிடித்துவைக்கும் கணினிகளில் “கோர்டம்ப்சிடிஎல் லிஸ்ட்” என்றால் பட்டியல் வரும். கோப்பை ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் திறந்து, பேக்ட்ரேஸ் என்பதன் சுருக்கமான “பிடி” என்று தட்டுங்கள் (தமிழில் படித்தாலும் வேலைக்குப் பொருத்தமான கட்டளை!). விழுந்த இடம் மேலேயும், அதை அழைத்த செயல்கூறுகள் (ஃபங்ஷன்கள்) அடுத்தடுத்துக் கீழேயும் வரிசையாக நிற்கும். வெறும் கேள்விக்குறிகள் வந்தால் கருவியை, பிழைதேடத் தேவையான விவரங்களைச் சேர்க்கும் “-ஜி” சேர்த்து மறுபடி கம்பைல் செய்து ஓட்டிப் புதிய கொட்டல் எடுக்கவேண்டும். பழைய கொட்டல் பழைய பைனரியோடுதான் (கம்பைல் செய்து வந்த கோப்பு) ஒத்துப்போகும்.

விழுந்த இடத்தில் கருவி அப்போது படித்துக்கொண்டிருந்த லாக் வரியை அச்சிட்டுப் பார்த்தால் சிலசமயம் குற்றவாளி கையோடு சிக்கும். உதாரணமாக, டிஸ்க் நிரம்பியதால் சர்வர் பெயர் வரை வந்து, வேண்டுகோளின் முடிவைச் சொல்லும் ஸ்டேட்டஸ் கோடுக்கு முன்பே அறுந்துபோன வரி. ஒழுங்கான கருவி அதைப் பிழைக் கணக்கில் சேர்த்துவிட்டுத் தாண்டிப் போகவேண்டும். விழுகிறது என்றால் தவறு கருவியில். புதிய பதிப்பு போட்டுப் பாருங்கள், அதுவரை அந்த வரியை வடிகட்டிவிட்டு ஓட்டலாம்.

கூடையில் இருந்ததெல்லாம் வெளியே வந்துவிடும் என்பதால் கொட்டலை அப்படியே யாருக்கும் அனுப்பாதீர்கள். லாக் கருவியின் கொட்டலில் வாடிக்கையாளர்களின் ஐபி முகவரிகள் இருக்கும். ப்ராக்ஸி சர்வரே விழுந்து கொட்டியிருந்தால் இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ்ஸின் தனிச்சாவியும் உள்ளே இருக்கலாம். உதவி கேட்கும்போது ‘பிடி’ தந்த வரிகளை மட்டும், முகவரிகளை மறைத்து, ஒட்டினால் பெரும்பாலும் போதும்.

டேட்டாபேஸ் டம்ப்புக்கு இந்தச் சொல்லை நீட்டவேண்டாம். அங்கே எதுவும் விழவில்லை, நாமாகப் பிரதி எடுக்கிறோம். அதற்குத் ‘தரவுப் படி’ போதும்.