எண்ணெய் இல்லை, சரி. பொட்டாசியம் எங்கே போனது?

ஞாயிற்றுக்கிழமை இரவு கைபேசி ஒலித்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நாகர்கோவிலில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு உணவு முறை சொல்லித் தருவது என் வேலை. சனிக்கிழமை டயாலிசிஸ் முடித்துப் போகிறவர்கள் மறுபடி செவ்வாய்க்கிழமைதான் வருவார்கள். நடுவில் வரும் அந்த நீண்ட இடைவெளியில்தான், சிறுநீரகம் வெளியேற்ற முடியாத பொட்டாசியம் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். அளவு மீறினால் இதயத்துடிப்பே தடுமாறும். வீட்டில் விருந்தும் அன்றைக்குத்தான்.

போன மாதம் அப்படி வந்தார் இரணியல் பக்கத்துப் பெரியவர் ஒருவர். சாப்பிட்டு எழுந்தபோது கால் துவண்டிருக்கிறது. வாயு என்று நினைத்து வீட்டில் பெருங்காயத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். மருத்துவமனைக்கு வந்தபோது பொட்டாசியம் 6.9. இயல்பாக இருக்க வேண்டியது 3.5 முதல் 5 வரை. இ.சி.ஜி. தாளில் மேடு மேடாக வர வேண்டிய அலை கூடாரம் போலக் கூர்ந்து நின்றது. கால்சியம் ஊசி, குளுக்கோஸோடு இன்சுலின், நள்ளிரவில் டயாலிசிஸ் என்று எல்லாம் செய்து பிழைக்க வைத்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை அவர் மனைவியிடம் விசாரித்தேன். இளநீர் கொடுத்தீர்களா? இல்லை. ஏத்தன்பழம் (நேந்திரம்)? தொடவே இல்லை. தக்காளி, கீரை? நீங்கள் சொன்ன மாதிரிதான் மேடம். பிறகு எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவருடைய இடது கை கண்ணில் பட்டது. விரல்களிலும் உள்ளங்கையிலும் பசை காய்ந்தது போல ஒரு படலம். ஓரங்களில் தோல் சுருங்கி உரிந்துகொண்டிருந்தது. “அந்தப் புதுப் பூசணிக்காய் மேடம். தோல் சீவினால் கை இப்படி இழுத்துப் பிடிக்கிறது” என்றார். (பட்டர்நட் பூசணியின் பிசின் சிலருக்கு இப்படிச் செய்யும். கையுறை போட்டுக்கொண்டு சீவினால் வராது.) துபாயிலிருந்து மகள் ஏர் பிரையர் (சூடான காற்றிலேயே வறுத்தெடுக்கும் கருவி) அனுப்பியிருக்கிறாள். அதில் பட்டர்நட் பூசணியைத் துண்டு போட்டு மிளகுத்தூள் தூவிச் சுட்டால் அப்பாவுக்கு நல்லது என்றும் சொல்லியிருக்கிறாள். முக்கால் கிலோக் காய் ஒன்று முழுவதையும் ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் பெரியவர் தின்று தீர்த்திருக்கிறார்.

கட்டிலில் படுத்திருந்த பெரியவர் என்னைத் தேற்றினார்: “எண்ணெயே இல்லாத சாப்பாடுதானே மக்களே, அதில் என்ன கேடு?”

இந்தக் கேள்வியை மூன்று மாதத்தில் மூன்றாவது ஆளிடமிருந்து கேட்டுவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஏர் பிரையர் எண்ணெயைக் குறைக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது. காயில் இருக்கும் மாவுச்சத்தை அது எடுக்காது, நீங்கள் போட்ட உப்பை எடுக்காது, பொட்டாசியத்தை ஒரு மில்லிகிராம்கூட எடுக்காது. சூடான காற்றில் தண்ணீர் ஆவியாகும், பொட்டாசியம் ஆவியாகாது. துண்டுகள் சுருங்கி, பெரிய கிண்ணம் நிறைய இருந்தது சின்னக் கிண்ணத்தில் அடங்கிவிடும். பார்க்கிற கண்ணுக்கு “கொஞ்சம்தான் சாப்பிட்டார்”. ஆனால் உள்ளே போனது முழுக் காய். எண்ணெய் இல்லை என்பது கொழுப்பைப் பற்றிய செய்தி. சிறுநீரகத்துக்கு அதில் ஒரு செய்தியும் இல்லை. எண்ணெயைக் கண்டு பயந்து பயந்தே, “எண்ணெய் இல்லை” என்று யாராவது சொன்னால் மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடுகிறோம். என்னிடம் வருகிற பத்துப் பேரும் முதலில் சொல்வது இதைத்தான்: “எண்ணெய் சேர்க்கவே இல்லை மேடம்.” எண்ணெயைப் பற்றி நான் கேட்கவே இல்லையே!

கணக்கைப் பாருங்கள். 100 கிராம் பட்டர்நட் பூசணியில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. வாழைப்பழத்திலும் அதே அளவுதான். வாழைப்பழத்தை நஞ்சு போல ஒதுக்கி வைத்த வீட்டில், எடைக்கு எடை அதற்குச் சமமானதைத் தட்டு நிறைய வைத்திருக்கிறார்கள். அந்தக் காயில் தோலும் விதையும் போக 600 கிராம் சதை இருந்தால் 2,100 மில்லிகிராம் ஆகிறது. டயாலிசிஸ் நோயாளிக்கு ஒரு நாள் முழுவதற்கும் நாங்கள் எழுதித் தருவது பெரும்பாலும் 2,000 முதல் 3,000 வரை. சோறும் குழம்பும் இன்னும் கணக்கில் வரவில்லை.

இது ஏதோ வெளிநாட்டு அதிசயக் காய் என்றும் நினைக்க வேண்டாம். எரிசேரிக்கு (தேங்காய் சேர்த்த கூட்டுக்கறி) நாம் வாங்கும் மத்தங்காய் (பரங்கிக்காய்) வகைகள் பலவும் இதுவும் ஒரே இனம்தான். குக்கர்பிட்டா மோஸ்கேட்டா என்பது அறிவியல் பெயர். மத்தங்காயிலும் பொட்டாசியம் குறைவில்லை. எரிசேரியில் வெந்த தண்ணீர் கறிக்குள்ளேயே நின்றுவிடுவதால் அதுவும் இவர்களுக்கு ஒரு கரண்டிக்கு மேல் ஆகாது. ஓணத்துக்கு மறுவாரம் என் அறையில் கூட்டம் கூடுவது இதனால்தான்.

செய்ய வேண்டியது நம் ஊர்ப் பெண்களுக்குத் தெரிந்த வேலை. மரச்சீனிக்கிழங்கை (மரவள்ளி) அவித்துத் தண்ணீரை ஊற்றிவிடுகிறோம் அல்லவா? அங்கே காரணம் வேறு. கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. முறை அதேதான். பூசணியின் தோலைச் சீவி, சிறிய மெல்லிய துண்டுகளாக நறுக்கி, அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் வேக வையுங்கள். குழைய விட வேண்டாம். கத்தி இறங்கும் பதம் வந்ததும் வடித்துவிடுங்கள். பொட்டாசியத்தில் கணிசமான பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். வெறுமனே ஊற வைத்தால் அவ்வளவாக இறங்காது; வேக வேண்டும். பிறகு துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்து ஏர் பிரையரில் 200 டிகிரியில் எட்டு, பத்து நிமிடம் வைத்தால் ஓரம் சிவந்து வாசனை வரும். மகள் அனுப்பிய கருவியும் வீணாகாது. அதிலும் அரைக் கிண்ணம் போதும். அன்றைக்கு வேறு காய் வேண்டாம்.

வடித்த தண்ணீரைக் குழம்பில் ஊற்றாதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். “சத்தெல்லாம் அதில்தானே இருக்கிறது” என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். இருக்கிறது, உண்மைதான். இவருக்கு வேண்டாத சத்து அதுதான்.

இன்னொன்று: உப்புக்குப் பதிலாகக் குறைந்த சோடியம் உப்பு வாங்கித் தூவுகிறார்கள். சோடியத்தைக் குறைத்த இடத்தில் அதில் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. பொட்டாசியம் ஏறுகிறவர் வீட்டில் அந்தப் பாக்கெட் இருக்கவே கூடாது.

சிறுநீரக நோய் என்றாலே எல்லாருக்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. பொட்டாசியம் இயல்பாக இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் காய்கறியையே விட்டுவிட வேண்டாம். உங்கள் பரிசோதனைத் தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் தாளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

நோய் இல்லாதவர்களுக்கு இது நல்ல காய். ஒரு விரற்கடைத் துண்டுகளாக்கி, ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் பரப்பி, 200 டிகிரியில் 18 நிமிடம் வையுங்கள். பாதியில் ஒருமுறை குலுக்கிவிடுங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெய் புரட்டியே வையுங்கள்; காயின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான கரோட்டின் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். சர்க்கரை நோயாளிகள் 100 கிராமுக்கு 12 கிராம் மாவுச்சத்து என்று கணக்கில் வைத்துச் சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். வாயில் வைத்ததும் கசந்தால், யாராக இருந்தாலும், துப்பிவிட்டுக் காயைத் தூக்கி எறியுங்கள்.

கால் துவள்வது, நெஞ்சு படபடப்பது, நாடி தாறுமாறாக அடிப்பது இவற்றில் எது வந்தாலும் டயாலிசிஸ் நோயாளியை வீட்டில் வைத்துக் கஷாயம் காய்ச்சாதீர்கள். செவ்வாய்க்கிழமை வரை பொறுக்கலாம் என்று நினைக்காதீர்கள். இ.சி.ஜி. வசதியுள்ள மருத்துவமனைக்கு அந்த நிமிடமே கொண்டு போங்கள். வாசலிலேயே “இவர் டயாலிசிஸ் நோயாளி” என்று சொல்லுங்கள்.

பெரியவர் இப்போது நலமாக இருக்கிறார். சென்ற வாரம் பொட்டாசியம் 4.8. அவர் மனைவி நேற்றுக் கைபேசியில் அழைத்து, பூசணி வடித்த தண்ணீரைக் கீழே கொட்ட மனம் வரவில்லை, வீட்டு முற்றத்து வாழைக்கு ஊற்றலாமா என்று கேட்டார். உப்பு போடாமல் அவித்திருந்தால் ஆற வைத்துத் தாராளமாக ஊற்றுங்கள், வாழைக்குப் பொட்டாசியம் வேண்டும் என்றேன்.