பகிர்வில்லா இயங்குநிலைப் பெயர்ப்பு: ‘ஷேர்ட் நத்திங் லைவ் மைக்ரேஷன்’ சொல் விளக்கம்

சர்வர் அறையில் “அந்த விஎம்-ஐ லைவாவே மூவ் பண்ணிடு” என்றால் வேலை நடந்துவிடும். அதையே கையேட்டில் எழுத உட்காரும்போதுதான் சொல் தட்டுப்படாமல் திணறுகிறோம். ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியை (விஎம், அதாவது சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினியை) அணைக்காமல், அதன் நினைவகத்தையும் வட்டையும் சேர்த்து இன்னொரு சர்வருக்குக் கொண்டுபோவதே ‘ஷேர்ட் நத்திங் லைவ் மைக்ரேஷன்’ என்ற தொடரின் பொருள். இரண்டு சர்வருக்கும் பொதுவான சேமிப்பகம் கிடையாது. தரவு முழுவதும் நெட்வொர்க் வழியாகத்தான் போகிறது.

‘மைக்ரேஷன்’ லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். இடம் விட்டு இடம் போவது என்பது அதன் பொருள். கணினித் துறையில் முதலில் பெயர்க்கப்பட்டது முழுக் கணினி அல்ல, ஓடும் நிரல்தான். 1985இல் ஸ்டான்ஃபோர்டின் வி-சிஸ்டம் என்ற இயங்குதளத்தின் குழு, நிரல் ஓடும்போதே அதன் நினைவகத்தை முன்கூட்டி நகலெடுத்து அனுப்பும் உத்தியை விவரித்தது. மெய்நிகர் கணினி மென்பொருள் நிறுவனமான வீஎம்வேர், முழுக் கணினியையே ஓடும்போது பெயர்க்கும் வீமோஷனை 2003இல் கொண்டுவந்தது. ஸென் என்ற மெய்நிகராக்க மென்பொருள் குழுவின் ஆய்வுக் கட்டுரை 2005இல் ‘லைவ் மைக்ரேஷன்’ என்ற பெயரைத் தலைப்பிலேயே தாங்கி வந்தது. அந்தக் காலத்து ஏற்பாடுகளில் வட்டு இரு சர்வருக்கும் பொதுவாக ஓரிடத்தில் இருந்தது. இடம் மாறியது நினைவகம் மட்டுமே.

‘ஷேர்ட் நத்திங்’ வேறு வீட்டுப் பிள்ளை. 1986இல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தரவுத்தளக் கட்டமைப்பு ஒன்றுக்காக முன்வைத்த சொல் அது. ஒவ்வொரு செயலிக்கும் தனி நினைவகம், தனி வட்டு. நடுவே நெட்வொர்க் மட்டும். மைக்ரோசாஃப்ட் அந்தச் சொல்லை 2012இல் விண்டோஸ் சர்வரில் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் ஹைப்பர்-வியின் பெயர்ப்பு வசதிக்குச் சூட்டியது. அதே ஆண்டு வீஎம்வேரின் வீஸ்ஃபியர் 5.1 பதிப்பிலும் இதே வசதி வந்தது. பெயர் கொஞ்சம் மிகைதான். எதையும் பகிராமல் இந்த வேலை நடக்காது: நெட்வொர்க் பொதுவாக வேண்டும், கணினியை நெட்வொர்க்கோடு இணைக்கும் விர்ச்சுவல் ஸ்விட்ச் அல்லது பிரிட்ஜின் பெயர் இரு பக்கமும் ஒன்றாக வேண்டும், இரு செயலிக்கும் பொதுவான ஆணைத்தொகுதி (செயலிக்குப் புரியும் ஆணைகளின் தொகுப்பு) வேண்டும். பகிரப்படாதது சேமிப்பகம் ஒன்றே.

இனித் தமிழ். ‘லைவ்’ என்றதும் ‘நேரலை’ கைக்கு வருகிறது. அது ஒளிபரப்புக்கு உரியது. ‘உயிர்’ என்று தொடங்குவதும் பொருந்தாது. அணைக்காமல், ஓடும் நிலையிலேயே என்பதுதான் கருத்து. ‘இயங்குநிலை’ அதைச் சரியாகச் சொல்கிறது. ‘இடமாற்றம்’ தவறில்லை, ஆனால் அலுவலக ஆணை வாடை அடிக்கிறது. ‘இடப்பெயர்வு’ என்று பலர் எழுதுகிறார்கள். அங்கேதான் இலக்கணம் இடிக்கிறது. பெயர்தல் தன்வினை: தானே நகர்வது. ‘புலம்பெயர் மாக்கள்’ என்று சங்கப் பாட்டு சொல்வதும் தாமே நகர்ந்த மக்களைத்தான். பெயர்த்தல் பிறவினை: ஒருவர் எடுத்து வைப்பது. மெய்நிகர் கணினி தானாகக் கிளம்புவதில்லை. நாம் எடுத்து வைக்கிறோம். ஆகவே ‘பெயர்ப்பு’. மொழிபெயர்ப்பில் இருப்பதும் அதே பெயர்ப்புதான். பொதுச் சேமிப்பகம் இருந்தால் செடியை மட்டும் தூக்கி வைக்கிறோம். இல்லாதபோது வேரடி மண்ணோடு பெயர்க்கிறோம். முழுத் தொடர் ‘பகிர்வில்லா இயங்குநிலைப் பெயர்ப்பு’. ஆவணத்தில் முதல் முறை மட்டும் ‘சேமிப்பகப் பகிர்வில்லா’ என்று விரித்து எழுதிவிட்டால் பிறகு குழப்பம் வராது.

மண் எவ்வளவு கனம் என்பதைக் கணக்கில் பார்த்தால் தெரியும். நொடிக்கு ஒரு கிகாபிட் இணைப்பில் நடைமுறையில் கிடைப்பது நொடிக்கு ஏறத்தாழ 112 எம்பி. 200 ஜிபி வட்டு போய்ச்சேர அரை மணி நேரம். பிறகு 16 ஜிபி நினைவகம்: முதல் சுற்று 146 நொடி. அதற்குள் கணினி சும்மா இருக்காது. நொடிக்கு 30 எம்பி நினைவகப் பக்கங்கள் (நினைவகத்தின் சிறு துண்டுகள்) மாறுகின்றன என்று வைத்துக்கொண்டால், சுமார் 4,400 எம்பி பழசாகிவிட்டிருக்கும். அதை அனுப்ப 39 நொடி. அதற்குள் மாறியது 1,180 எம்பி. அடுத்த சுற்றுகளின் முடிவில் 315, 84, 23 என்று சுருங்குகிறது. 23 எம்பியை அனுப்ப 0.2 நொடி போதும். லினக்ஸில் மெய்நிகர் கணினியை ஓட்டும் கியூஎம்யூ இயல்பாக அனுமதிக்கும் நிறுத்தம் 300 மில்லிநொடி. ஆகவே இங்கே கணினியைக் கணநேரம் நிறுத்தி, மிச்சத்தை அனுப்பி, மறுபக்கம் எழுப்பிவிடுகிறது. மாறும் வேகம் 112ஐத் தாண்டினால் இந்தச் சுருக்கம் நடக்கவே நடக்காது. திரையில் முன்னேற்றச் சதவீதம் ஏறி இறங்கிக்கொண்டே கிடக்கும். அப்போது வழி மூன்று: நிறுத்த வரம்பைக் கூட்டுவது, ஆட்டோ-கன்வர்ஜ் மூலம் செயலியை வேண்டுமென்றே மெதுவாக்குவது, போஸ்ட்-காப்பி முறையில் கணினியை முதலில் மறுபக்கம் எழுப்பிவிட்டுப் பக்கங்களைப் பிறகு இழுப்பது. மூன்றாவதில் நடுவழியில் நெட்வொர்க் அறுந்தால் கணினியின் நிலை இரு பக்கமும் அரைகுறையாகி, ஓட்டம் அங்கேயே நின்றுவிடும். தரவுத்தளச் சர்வருக்கு அதை நாடாமல், தரவு எழுதுவது குறைவான நேரம் பார்த்துச் செய்வதே நல்லது.

வட்டுக்கும் இதே பந்தயம் உண்டு. கியூஎம்யூவோடு சேர்ந்து வேலை செய்யும் லினக்ஸின் கேவிஎம்மில் இலக்கு சர்வர் கணினியை உறைந்த நிலையில் தொடங்கி, தன் வட்டை என்பிடி (நெட்வொர்க் வழியே வட்டைத் திறந்து தரும் நெறிமுறை) வழியே திறந்து வைக்கிறது. மூலச் சர்வர் அதில் கண்ணாடிப் பிரதி எழுதுகிறது. வட்டு ஒத்துப்போன பிறகே நினைவகத்தின் முறை. அப்போதும் வட்டில் புதிதாக எழுதப்படுபவை அதே கம்பியில் போய்க்கொண்டிருக்கும்.

கேவிஎம்மை நிர்வகிக்கும் லிப்விர்ட்டில், அதன் கட்டளைக் கருவியான விர்ஷின் மைக்ரேட் கட்டளையோடு லைவ், பெர்சிஸ்டன்ட், காப்பி-ஸ்டோரேஜ்-ஆல் ஆகிய தெரிவுகளைச் சேர்க்க வேண்டும். 49152 முதல் 49215 வரையுள்ள போர்ட்டுகள் இலக்கின் ஃபயர்வாலில் திறந்திருக்க வேண்டும். இதை மறப்பவர்களே அதிகம். இலக்கு வட்டைக் கையால் உருவாக்கினால் அளவு பைட் கணக்கில் பொருந்த வேண்டும். 40 ஜிபி என்பது 42,949,672,960 பைட். 40,000,000,000 என்று உருவாக்கினால் பிரதி எடுப்பு தோற்கும். கேவிஎம்மை வைத்து இயங்கும் புராக்ஸ்மாக்ஸ் தளத்தில் ஆன்லைன் தெரிவோடு வித்-லோக்கல்-டிஸ்க்ஸ் என்பதையும் கொடுக்க வேண்டும். சிடி டிரைவில் உள்ளூர் ஐஎஸ்ஓ (வட்டின் நகல் கோப்பு) செருகியே இருந்தால் கட்டளை மறுத்துவிடும். ஹைப்பர்-வியில் மூன்றாவது கணினியிலிருந்து ஏவுவதானால் கெர்பெராஸ் அனுமதி ஒப்படைப்பு (ஒரு சர்வர் உங்கள் பெயரில் இன்னொன்றை அணுகும் அனுமதி) தேவை, அதுவும் கோப்புப் பகிர்வுக்கான சிஐஎஃப்எஸ், மைக்ரோசாஃப்ட் விர்ச்சுவல் சிஸ்டம் மைக்ரேஷன் சர்வீஸ் என இரண்டு சேவைக்கும். கிரெட்எஸ்எஸ்பி என்ற இன்னொரு அடையாளச் சரிபார்ப்பு முறை மட்டும் இருந்தால் மூலச் சர்வரிலேயே உள்நுழைந்து ஏவ வேண்டியதுதான்.

செயலி விஷயத்தில் ஹோஸ்ட்-பாஸ்த்ரூ (சர்வரின் செயலியை அப்படியே மெய்நிகர் கணினிக்குக் காட்டும் அமைப்பு) வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். புதிய செயலியிலிருந்து பழையதுக்குப் பெயர்த்தால், தொடங்கும்போது கண்ட ஆணைகள் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கும் நிரல் திடீரென்று விழும். இரு சர்வருக்கும் பொதுவான செயலி மாதிரியை முன்பே தேர்ந்து, கணினியை ஒருமுறை அணைத்துத் தொடங்கியிருக்க வேண்டும்.

இன்னொரு தவறான எண்ணமும் இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது: சர்வர் விழுந்தால் இது காப்பாற்றும் என்று. காப்பாற்றாது. மூலச் சர்வர் உயிரோடு இருந்தால்தான் அதிலிருந்து நகலெடுக்க முடியும். விழுந்த பிறகு எழுப்புவதற்கு ஃபெயில்ஓவர் என்று வேறு ஏற்பாடு உண்டு. அதற்கு வட்டின் பிரதி முன்பே வேறிடத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக, பெயர்ப்பு என்றாலும் உள்ளே நடப்பது நகலெடுத்துப் பழையதை விடுவதுதான். ஹைப்பர்-வியும் புராக்ஸ்மாக்ஸும் மூல வட்டை நீக்கிவிடும். லிப்விர்ட் நீக்காது. அன்டிஃபைன்சோர்ஸ் தெரிவைக் கொடுக்காவிட்டால் கணினியின் வரையறையும் மூலச் சர்வரிலேயே கிடக்கும். அதில் ஆட்டோஸ்டார்ட் (தானாகத் தொடங்கும் அமைப்பு) போட்டிருந்தால், அந்தச் சர்வர் அடுத்த முறை மீண்டும் தொடங்கும்போது பழைய வட்டோடு கணினி தானாக எழும். ஒரே மேக் முகவரியில் (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்ணில்) இரண்டு கணினிகள். பெயர்த்த அன்றே, புதிய இடத்தில் கணினி ஒழுங்காக ஓடுவதைப் பார்த்துவிட்டு, மூலத்தில் வரையறை போய்விட்டதா என்று விர்ஷ் பட்டியலில் சரிபார்த்துப் பழைய வட்டுக் கோப்பின் பெயரை மாற்றி வைக்கவும்.