லேமென்ட் என்பது புலம்பல்தான், இரங்கல் இல்லை

2020-இல் அமெரிக்கத் திருச்சபைகளில் ஒலித்த பிரசங்கங்களைத் தமிழில் தருகிறவர்கள் 'லேமென்ட்' (lament) என்ற ஆங்கிலச் சொல் வந்ததும் 'இரங்கல்' என்று எழுதிவிடுகிறார்கள். 'இது இரங்கலின் காலம்', 'சபையாராக இரங்கல் செலுத்துவோம்', 'இரங்கல் சங்கீதம்' (சங்கீதம் என்பது இங்கே விவிலியப் பாடல்). எங்கோ ஓரிடத்தில் என்றால் பேசாமல் கடந்து போகலாம். ஆனால் அதுவே வழக்காகி வருகிறது. இந்தச் சொல் பொருந்தாதது மட்டுமில்லை, அந்தப் பிரசங்கங்களின் பொருளையே புரட்டிப்போடுகிறது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அழுது அரற்றுதல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல் ஒன்று பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'லேமென்ட்' ஆனது. கி.மு. 587 வாக்கில் பாபிலோனியர் எருசலேமை அழித்தபின் பிறந்த ஐந்து பாடல்கள் அடங்கிய விவிலிய நூலுக்கு ஆங்கிலத்தில் இதிலிருந்தே பெயர் வந்தது. எபிரேயர்கள் அந்த நூலை அதன் முதற்சொல்லால், 'ஏகா' என்று அழைக்கிறார்கள். 'எப்படி' என்று பொருள். எப்படி இப்படி ஆயிற்று என்ற அலறல். தமிழில் சீர்திருத்தச் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பும் சரி, பின்னால் வந்த பொது மொழிபெயர்ப்பும் சரி, அந்த நூலுக்கு வைத்த பெயர் 'புலம்பல்'. ஆக, சொல்லை யாரும் புதிதாக ஆக்க வேண்டியதே இல்லை. விவிலியத்தின் பொருளடக்கத்தைப் புரட்டினாலே கிடைக்கும்.

அது தற்செயலாக அமைந்த நல்ல சொல் என்றும் நினைத்துவிடக் கூடாது. தொல்காப்பியத்தின் உரியியல் இந்தச் சொல்லின் வேருக்கு இரண்டே சொல்லில் பொருள் சொல்கிறது: 'புலம்பே தனிமை'. சங்கப் பாடல்களில் தலைவனைப் பிரிந்தவளின் மாலைப்பொழுது புலம்பு நிறைந்தது. தனித்து விடப்பட்ட நிலைக்கு முதலில் பெயராக இருந்தது, அந்த நிலையில் வாயிலிருந்து வரும் சொல்லுக்கும் பெயராயிற்று. இப்போது புலம்பல் நூலின் முதல் வரியைப் படியுங்கள்: 'ஐயோ! ஜனம்பெருத்த நகரி தனிமையாக உட்கார்ந்திருக்கிறாளே!' தனிமையும் அழுகையும் எபிரேயப் பாட்டில் ஒரே வரியில் நிற்கின்றன. தமிழில் ஒரே சொல்லில் இருக்கின்றன. இப்படிப்பட்ட சொல்லை வைத்துக்கொண்டு வேறொன்றைத் தேடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

2020-இன் பிரசங்கங்களுக்கு இந்த இரட்டைப் பொருள்தான் உயிர். மார்ச் மாதத்தில் கொரோனா நோயால் ஆலயங்கள் மூடப்பட்டன. மருத்துவமனைகளில் நோயாளிகள் உறவினர் கை தொடாமல் இறந்தார்கள். கடைசி வார்த்தை கைபேசி வழியாகப் போனது. அந்த மாத இறுதியில் ஆங்கிலிக்கன் அறிஞர் என்.டி. ரைட் 'டைம்' இதழில், இந்த நோய்க்குக் கிறிஸ்தவத்திடம் விளக்கம் கேட்காதீர்கள், லேமென்ட் என்ற பழைய மரபுக்குத் திரும்புங்கள் என்று எழுதினார். கறுப்பினத்தவர் அந்த நோயில் கூடுதல் விகிதத்தில் இறந்துகொண்டிருந்தார்கள். அப்புறம் மே 25 அன்று மினியாபொலிஸில் ஒரு காவலர் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் 9 நிமிடங்களுக்கு மேல் முழங்காலை ஊன்றியிருந்தார். மூச்சுவிட முடியவில்லை என்று சொல்லிச் சொல்லியே அவர் இறந்தார். அடுத்த ஞாயிறு பெந்தெகொஸ்தே திருநாள், தேவனுடைய மூச்சுக்காற்று சபைமேல் இறங்கியதைக் கொண்டாடும் நாள். அன்றைக்குப் பிரசங்க மேடையில் நின்றவர்களுக்கு நோய், கொலை, தனிமை மூன்றையும் சேர்த்துப் பிடிக்க ஒரு சொல் வேண்டியிருந்தது. பலர் எடுத்த சொல் லேமென்ட்.

இதை 'இரங்கல்' என்று பெயர்த்தால் என்ன ஆகிறது? இரங்கல் இன்றைக்கு யார் செய்வது? தலைவர்கள் இரங்கல் அறிக்கை விடுகிறார்கள், சங்கங்கள் இரங்கல் தீர்மானம் போடுகின்றன. செத்தது அடுத்த வீட்டில். நாம் வாசலில் நின்று வருத்தம் தெரிவித்துவிட்டுத் திரும்புகிறோம். புலம்புகிறவர் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். ஜூன் 4 அன்று ஃபிளாய்டின் நினைவுக் கூட்டத்தில் கறுப்பினப் போதகர் அல் ஷார்ப்டன், 'எங்கள் கழுத்திலிருந்து உங்கள் முழங்காலை எடுங்கள்' என்றார். எங்கள் கழுத்து என்று பேசுகிறவர் இரங்கல் செலுத்த வந்தவரா?

பழந்தமிழில் இரங்கலும் அழுகைதானே, நெய்தல் திணையின் உரிப்பொருளே இரங்கல்தானே என்று கேட்பார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொருள் இன்று புலவர்களிடம் மட்டும் இருக்கிறது. 'புலம்பு' அப்படி இல்லை. அன்றும் இன்றும் பாடுபடுகிறவரின் வாயில்தான் அது இருக்கிறது. அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. சபைத் தமிழில் 'இரங்கு' கடவுளின் வினை. 'தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்' என்று எரிகோ வழியில் குருடனான பர்திமேயு இயேசுவைக் கூப்பிட்டான். கூப்பிடுவது மனிதன், இரங்குவது ஆண்டவர். மனிதன் செய்வதற்கும் இரங்கல் என்று பெயர் வைத்தால், கேட்பவனும் கொடுப்பவரும் குழம்பிப்போகிறார்கள். சபையார் தேவனுக்கு இரங்கல் செலுத்துகிறார்களா என்ன?

'புலம்பல்' கொச்சையாகிவிட்டது, 'சும்மா புலம்பாதே' என்று வீட்டில் அதட்டுகிற சொல்லை மேடையில் சொல்லலாமா என்பது அடுத்த வாதம். சொல்லத்தான் வேண்டும் என்கிறேன். அமெரிக்கப் பிரசங்கிகளும் இதே அதட்டலோடுதான் மல்லுக்கட்டினார்கள். வெற்றியையும் ஆசீர்வாதத்தையுமே பாடிப் பழகிய அமெரிக்கச் சபைகள் லேமென்டை ஒதுக்கிவிட்டன என்பது கொரிய-அமெரிக்க இறையியலாளர் சூங்-சான் ரா 2015-இலேயே வைத்த குற்றச்சாட்டு. அதற்கும் முன்பு, 1986-இல், விவிலிய அறிஞர் வால்டர் புருகமன் இன்னும் கூர்மையாகச் சொன்னார்: வழிபாட்டிலிருந்து லேமென்ட் போனால் நீதியைப் பற்றிய கேள்வியும் கூடவே போய்விடும். கடவுளிடம் ஏன் என்று கேட்கத் தெரியாதவர்கள் அரசனிடமும் கேட்கமாட்டார்கள். கறுப்பினச் சபைகள் மட்டும் அடிமைக் காலப் பாட்டுகளில் அந்தக் கேள்வியை விடாமல் வைத்திருந்தன.

நம்மிடமும் அந்தக் கேள்வி உண்டு. சிலப்பதிகாரத்தின் ஊர்சூழ் வரியில் கண்ணகி மதுரைத் தெருவில் 'தெய்வமும் உண்டுகொல்' என்று அரற்றுகிறாள். அடுத்த காதை வழக்குரை காதை. கணவனை இழந்தவள் அரசவையில் வழக்குரைக்கப் போகிற வழியில் அந்தப் புலம்பல் நிற்கிறது. அதனால் 'புலம்பல் என்பது செயலற்றவர் பேச்சு, நீதிக்கான குரலுக்கு அது பொருந்தாது' என்று சொல்லுகிறவர்கள் தமிழையே சரியாகப் படிக்கவில்லை.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். சிலர் புலம்பலை, எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரவேலரின் வனாந்தரத்து முறுமுறுப்போடு சேர்த்து, இரண்டும் விசுவாசக் குறைவு என்கிறார்கள். முறுமுறுப்பு கூடாரத்துக்குள் முதுகுக்குப் பின்னால் பேசுவது. புலம்பல் முகத்தைப் பார்த்துக் கேட்பது: 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?' கேட்க ஆள் இருக்கிறார் என்று நம்புகிறவன்தான் அப்படிக் கேட்பான். 88-ஆம் சங்கீதம் 'சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர்' என்று தேவனையே குற்றம் சாட்டி, ஆறுதல் இல்லாமலே முடிகிறது. ஊரடங்கில் தனியே அடைபட்டவர்களுக்கு இதைவிட நெருங்கிய ஜெபம் எது? ஆனால் நம் மேடைகளில் புலம்பல் நூலிலிருந்து எடுக்கப்படுவது பெரும்பாலும் மூன்றாம் அதிகாரத்தின் 'காலைதோறும் புதியவைகள்' ஒன்றுதான். அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் உள்ள அத்தனை கண்ணீரும் வாசிக்கப்படாமலே கிடக்கிறது. இரங்கல் என்ற சொல் மொழிபெயர்ப்பாளர் கைக்கு எளிதாக வருவதற்கு இந்தப் பழக்கமும் காரணம். புலம்பக் கூடாது என்று கற்பிக்கப்பட்டவர்கள் புலம்பல் என்று எழுதக் கூசுகிறார்கள்.

ஆகவே மொழிபெயர்க்கிறவர்களுக்கு: லேமென்ட் வரும் இடத்தில் புலம்பல் என்றே எழுதுங்கள். சபையாகச் செய்வது கூட்டுப் புலம்பல். சங்கீதத்தின் வகையைச் சொல்லும்போது புலம்பல் சங்கீதம். பிரசங்கி நீதிமன்றத்தையோ அரசையோ நோக்கிப் பேசும்போது முறையீடு என்று மாற்றிக்கொள்ளலாம். எகிப்தில் அடிமைகளாயிருந்த இஸ்ரவேலரின் குரலுக்கு விவிலியத்தின் யாத்திராகமம் இரண்டாம் அதிகாரத்தில் அந்தச் சொல்தான் இருக்கிறது. இறந்தவர் வீட்டுக்குச் சபை அனுப்புகிற கடிதத்துக்கு மட்டும் இரங்கலை வைத்துக்கொள்ளுங்கள்.